கைமுறுக்குக்கும் பின் சில்லுக்கும் இடையில்: எஞ்சின் மேப்பின் கதை

பைக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கட பெடியள் கேட்கிற முதல் கேள்வி "எத்தினை சீசீ?" இரண்டாவது, "எவ்வளவு ஓடும்?" இரண்டுக்கும் பதில் கொம்பனி அச்சடிக்கிற விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. வளைவின் நடுவில், பைக் சரிந்து நிற்கிற நேரத்தில், அக்சிலேற்றரை நூல் அளவு முறுக்கினால் பின் சில்லு என்ன செய்யும்? பந்தயத் தடத்தில் ஓடுகிறவர்கள் கவலைப்படுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பற்றித்தான். லிங்கநகரில் இருந்து எழுதுகிற நாங்கள் பந்தய வீரர்கள் இல்லை. திருகோணமலையில் நிரந்தரப் பந்தயத் தடமும் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தோண்டினால் அது எங்கட வாசலுக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் மேப் என்றால் என்ன எண்டு பார்ப்போம். இது வரைபடம் இல்லை, ஓர் அட்டவணை. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு பக்கம் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு, அதாவது ஆர்பிஎம். மறுபக்கம் அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற கணக்கு. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஓர் எண் இருக்கும். எரிபொருள் மேப் என்றால், இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். பற்றவைப்பு மேப் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன்னதாகப் பிளக் பொறி விட வேண்டும் என்பதைச் சொல்லும். பக்கத்துக்குப் பதினாறு கட்டம் என்றால் மொத்தம் 256 எண்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் எஞ்சின் நிற்கும்போது, பைக்கில் இருக்கிற சின்னக் கொம்பியூட்டர் (ஈசியூ எண்டு சொல்கிறோமே, அது) நடுவில் வரக்கூடிய எண்ணைத் தானே கணக்குப் போட்டு எடுக்கும். 10,000 ஆர்பிஎம்மில் கிராங்க் செக்கனுக்கு 166 தடவைக்கு மேல் சுற்றுகிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் செக்கனுக்கு 83 பொறி. ஒவ்வொன்றுக்கும் முன்னர் அட்டவணையைப் பார்த்தாக வேண்டும்.

இந்த அட்டவணை இல்லாத காலத்திலும் எஞ்சின் ஓடியது. அப்போது அட்டவணை பித்தளையில் இருந்தது. காபரேற்றரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்சிலேற்றர் மெல்லத் திறந்திருக்கும்போது பைலட் ஜெற், நடுத்தரத்தில் நீடில், முழுதாய்த் திறந்தால் மெயின் ஜெற். 256 கட்டத்துக்குப் பதிலாக மூன்று, நாலு கட்டம். அவ்வளவுதான். துளையைப் பெரிதாக்கினால் பெற்றோல் கூடும், நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினால் நடுப்பகுதியில் கூடும். எங்கட கராஜ்களில் ஸ்க்ரூ ட்ரைவரைக் கையில் வைத்துக்கொண்டு காதை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற அண்ணாமார் செய்கிறதும் மேப் திருத்துகிற வேலைதான். பெயர்தான் வேறு.

இப்போது சீனன்குடாவுக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றைக்குத்தான் பிரித்தானியக் கடற்படையின் ஹெர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் மோதி, அது நாள்கணக்கில் எரிந்தது. எங்கட ஊர் ஆட்கள் இதுவரைக்கும் நன்றாகவே சொல்லுவார்கள். சொல்லாமல் விடுகிற பகுதி இதுதான்: சீனன்குடாவில் இருந்து அவர்களை எதிர்க்கக் கிளம்பிய 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் எஞ்சின். அந்த எஞ்சினுக்கு மிதவை வைத்த காபரேற்றர், எங்கட பழைய பைக்குகளில் இருக்கிற அதே தத்துவம். போரின் தொடக்கத்தில் அதற்கு ஒரு வியாதி இருந்தது. விமானி மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் பெற்றோல் மிதவை அறையின் மேல்பக்கம் போய்விடும். எஞ்சின் ஒரு கணம் வறண்டு இருமும், பிறகு அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் வந்து மூச்சடைக்கும். எதிரே வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஸ்மிட்டுக்கு நேரடியாக எரிபொருளைப் பாய்ச்சுகிற இன்ஜெக்சன் இருந்ததால் அந்தப் பிரச்சினை இல்லை.

இந்த வியாதிக்கு அவசர வைத்தியம் செய்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியியலாளர். ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அவர் செய்தது ஒரு சின்ன உலோகத் துண்டு, நடுவில் துளை. எஞ்சின் உச்ச வலுவில் குடிக்கக்கூடிய பெற்றோலின் அளவுக்கு மட்டும் வழிவிடும், அதற்குமேல் விடாது. 1941 தொடக்கத்தில் விமானத்தளம் தளமாகப் போய் இதைப் பொருத்தினார்கள். எங்களுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அவர் ஒரு பைக் பந்தயக்காரி. நோர்ட்டன் பைக்கில் புரூக்லண்ட்ஸ் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகத்தில் சுற்றி, அதற்காகக் கொடுக்கிற தங்க நட்சத்திரத்தை 1934இல் வாங்கியவர். பெற்றோல் ஒரு கணம் வராமல் போனால் கையில் எப்படித் தெரியும், திரும்ப வரும்போது எப்படி உதைக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை எண்டு நாங்கள் நினைக்கிறோம். இது எங்கட ஊகம்தான், ஆனால் கெட்ட ஊகமில்லை.

அதே போரில் ஜெர்மன்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஃபோக்கவுல்ஃப் 190 விமானத்தின் பிஎம்டபிள்யூ 801 எஞ்சினில் கொமாண்டோகெரெற் என்ற ஒரு பெட்டி இருந்தது. விமானி ஒரே ஒரு நெம்புகோலைத் தள்ளினால் எரிபொருள் அளவு, பொறியின் நேரம், விசிறியின் சரிவு எல்லாவற்றையும் பற்சக்கரமும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கும். ஒரு சிலிக்கன் துண்டுகூட இல்லாத ஈசியூ. அந்தக் கொம்பனியின் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு ஒசூரில் சந்திப்போம்.

எரிபொருளின் அளவோடு கதை முடிவதில்லை. தரமும் இருக்கிறது. அந்தப் போரில் பிரித்தானிய விமானங்கள் 100 ஒக்டேன் பெற்றோலுக்கு மாறியதால்தான் மெர்லினில் இன்னும் அழுத்தம் ஏற்ற முடிந்தது. ஒக்டேன் என்பது பெற்றோலின் பொறுமை. பிளக் பொறி விடும்வரைக்கும் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கிற திறன். பொறுமை குறைந்த எரிபொருளைப் போட்டால் பிஸ்டன் தலையில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும், அதுதான் நொக்கிங். அதைத் தவிர்க்கப் பொறியைப் பிந்த விட வேண்டும். பிந்த விட்டால் வலு குறையும். பற்றவைப்பு மேப்பின் முழுச் சண்டையும் இதற்குள்தான்.

பொறுமையே இல்லாத எரிபொருளில் பைக் ஓடிய காலம் ஒன்று எங்கட மக்களுக்கு இருந்தது. 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. உங்கட வீட்டில் அந்த வருடங்களில் அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சின் பச்சையாய் இருக்கும்போது அதில் ஸ்டார்ட் வராது. ஆகவே ஒரு குட்டிப் போத்தலில் பொன்னைப் போலப் பெற்றோல் வைத்திருப்பார்கள். சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவது. பின்னால் வெள்ளைப் புகை, பிளக்கில் கரி, ஏற்றத்தில் மூச்சு வாங்கல். எஞ்சினுக்கு எந்தச் சூட்டில் எது வேண்டும், எவ்வளவு கலவை தாங்கும், எந்த முறுக்கில் தட்டத் தொடங்கும் என்பதை அந்த ஆட்கள் கைவிரலாலும் காதாலும் படித்தார்கள். இதைச் சாகசக் கதையாக மாற்ற எங்களுக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழியில்லாமல் செய்த வேலை அது. ஆனால் தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் போலோஞ்ஞாவையும் ஹமமற்சுவையும் மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். குட்டிப் போத்தலும் அந்த வரலாற்றில் ஒரு பக்கம்தான்.

பந்தயத்துக்கு வருவோம். போர் முடிந்து மிஞ்சின ஓடுபாதைகள்தான் எங்கட பக்கத்து நாடுகளில் பந்தயத்தின் பள்ளிக்கூடம். களுத்துறைக்குப் பக்கத்தில் உள்ள கட்டுகுருந்த, போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம். பிறகு அங்கே கார்களும் பைக்குகளும் ஓடின. சென்னைக்கு வெளியே சோழவரமும் அப்படியான ஓர் ஓடுபாதைதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் எண்பதுகளின் கடைசி வரைக்கும் அங்கே பந்தயம் நடத்தியது. ஓடுபாதைத் தடத்துக்கு ஒரு குணம் உண்டு: நீண்ட நேர்கோடு, பிறகு சட்டென்று ஒரு மடக்கு. அங்கே உச்ச வேகம் இருந்தால் பாதி வெற்றி. அதனால் அந்தக் காலத்து ட்யூனிங் எல்லாம் மெயின் ஜெற்றையும் சைலன்சரையும் சுற்றியே இருந்தது. கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் வளைவுகளோடு 3.7 கிலோமீற்றர் தடத்தைத் திறந்தபோது கேள்வி மாறியது. இனி நேர்கோடு மட்டும் போதாது, வளைவுக்குள் பைக் எப்படி நடக்கிறது என்பதும் வேண்டும்.

அந்தக் காலத்துப் பைக்குகளில் ராஜ்தூத் 350 ஒரு நல்ல பாடம். யமஹா ஆர்டி350ஐ இந்தியாவில் எஸ்கோர்ட்ஸ் கொம்பனி 1983 முதல் செய்தது. ஒரே எஞ்சின், இரண்டு குணம்: ஹை டோர்க் என்று 30.5 குதிரைவலு, லோ டோர்க் என்று 27 குதிரைவலு. பெற்றோலை மிச்சம் பிடிக்கப் புகை வெளியேறும் பக்கத்தை இறுக்கினதுதான் முக்கிய வித்தியாசம். இண்டைக்குப் பொத்தானை அமத்தி மாற்றுகிற மோட் எண்டு சொல்கிறோமே, அதை அப்போது இரும்பில் வார்த்து இரண்டு பைக்காக விற்றார்கள்.

இரும்பிலிருந்து எண்ணுக்கு மாறின கதையை வேகமாய்ச் சொல்லிவிடுகிறோம். 1980இல் கவசாக்கி இசட்1000இன் ஒரு மொடலுக்கு மின்னணு இன்ஜெக்சன் வைத்தது. 1982இல் ஹொண்டாவின் சிஎக்ஸ்500 டேர்போ, 1983இல் பிஎம்டபிள்யூ கே100. இவையெல்லாம் பந்தய பைக்குகள் இல்லை. தடத்தில் கதையைத் திருப்பியது இத்தாலியின் டுக்காட்டி 851. வெபர் மரெல்லி இன்ஜெக்சன், மேப் ஒரு சிப்பில் எழுதப்பட்டிருந்தது. சிப்பைக் கழற்றி வேறு சிப்பைச் செருகினால் எஞ்சினின் குணம் மாறும். 1990இல் ரேமண்ட் ரொஷ் அதில் உலக சூப்பர்பைக் பட்டத்தை எடுத்தார். அதுவரைக்கும் ஜெற் பெட்டியோடு திரிந்த மெக்கானிக்குகள் மெல்ல மெல்ல மடிக்கணினியோடு திரியத் தொடங்கினார்கள்.

ஆனால் வலு கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையை உடைத்தது கொம்பியூட்டர் இல்லை. 1992இல் ஹொண்டா தன் என்எஸ்ஆர்500 இரண்டு ஸ்ட்ரோக் பைக்கில் நாலு சிலிண்டரும் கிராங்கின் 68 பாகைக்குள் அடுத்தடுத்து வெடிக்கும்படி மாற்றியது. பிக் பேங் எண்டு பெயர். பந்தய உலகமே அதன் பின்னால் ஓடியது. வலு கூடினதற்காக இல்லை. வெடிப்புகள் ஒரு கொத்தாய் வந்து பிறகு ஓர் இடைவெளி கிடைத்தால் பின் ரயர் அந்த இடைவெளியில் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் விளக்கம், ஓட்டுகிறவனுக்கும் சில்லு வழுக்கத் தொடங்குவது கையில் தெரியும். வேடிக்கை என்னவென்றால், 1997இல் மிக் டூஹன் பழைய மாதிரிச் சீரான வெடிப்புள்ள எஞ்சினைக் கேட்டு வாங்கி, 15 பந்தயத்தில் 12ஐ வென்றார். அதே கொம்பனி, அதே பைக், நேர் எதிரான எஞ்சின். உணர்வு என்பது எஞ்சினில் மட்டும் இருக்கிற பொருள் இல்லை, அது எஞ்சினுக்கும் ஒரு குறிப்பிட்ட ஆளின் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதை விடத் தெளிவாய் இதைக் காட்டுகிற சம்பவம் எங்களுக்குத் தெரியாது.

இன்னொருவர் இதையே கணக்காக்கினார். யமஹாவின் மசாவோ ஃபுருசாவா. 2004இல் வலன்டினோ ரொஸ்ஸி ஹொண்டாவை விட்டு யமஹாவுக்கு வந்தபோது ஃபுருசாவாவின் ஆட்கள் எம்1 பைக்கின் கிராங்கை மாற்றியிருந்தார்கள். பின் சில்லுக்குப் போகிற முறுக்கு விசையில் இரண்டு கலந்திருக்கிறது எண்டார் அவர். ஒன்று பெற்றோல் எரிவதால் வருவது, அதைத்தான் ஓட்டுகிறவன் கையால் கேட்கிறான். மற்றது பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் நின்று திரும்புவதால் வருகிற விசை, அதை யாரும் கேட்கவில்லை. வேகம் கூடக்கூட இரண்டாவது பெரிதாகி முதலாவதை மூடிவிடும். றேடியோவில் இரைச்சல் பாட்டை மூடுகிற மாதிரி. கிராங்க் ஊசிகளை 90 பாகைக்கு ஒன்றாய்த் திருப்பி வைத்தால் அந்த இரைச்சல் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரொஸ்ஸி அந்தப் பைக்கில் முதல் பந்தயத்திலேயே வென்று, வருடப் பட்டத்தையும் எடுத்தார். 2009இல் அதே தத்துவம் கடையில் விற்கிற ஆர்1இலும் வந்தது.

சரி, மேப் மாறினால் தடத்தில் என்னதான் மாறுகிறது? ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் பிரேக் பிடித்து, கியர் இறக்கி, அக்சிலேற்றரை மூடிக்கொண்டு உள்ளே வருகிறார். மூடினவுடனே பெற்றோலை மிச்சம் பிடிக்க ஈசியூ இன்ஜெக்டரை முழுதாய் நிறுத்திவிடும். எஞ்சின் இப்போது பின் சில்லை இழுத்துப் பிடிக்கிற நங்கூரம். இழுவை கூடினால் பின்பக்கம் துள்ளும், குறைந்தால் பைக் நிற்காமல் வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். இதற்காகவே எஞ்சின் பிரேக் மேப் எண்டு ஒன்று தனியாக இருக்கிறது: கை மூடியிருந்தாலும் உள்ளே இருக்கிற கதவை ஈசியூ கொஞ்சம் திறந்து வைக்கும். அடுத்தது வளைவின் நடுவில் முதல் தொடுகை. ரயருக்கு இருக்கிற பிடி ஒரு சம்பளக் காசு மாதிரி, சரிந்து நிற்பதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. மிச்சம் சில்லறைதான். நிறுத்தியிருந்த பெற்றோல் அந்த நேரத்தில் சட்டென்று திரும்ப வந்தால் செயின் இறுகி, பைக் ஒரு குலுக்குக் குலுக்கி, முன்பக்கம் இலேசாகி, கோடு தவறும். இந்தக் குலுக்கில் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். நல்ல ட்யூனர் முதலில் கை வைப்பது இந்த மூலைக் கட்டங்களில்தான், அட்டவணையின் இடது கீழ்ப் பக்கத்தில். விளம்பரத் தாளின் குதிரைவலு வருகிற கட்டங்கள் மறு கோடியில், வலது மேலே இருக்கின்றன. அங்கே அரைக் குதிரைவலு கூட்டுவதை விட இங்கே பெற்றோல் திரும்ப வருவதை மெதுவாக்குவது ஒரு சுற்றின் நேரத்தை அதிகம் குறைக்கும் என்பது ட்யூனர்கள் வழமையாய்ச் சொல்கிற விசயம்.

மூலைக் கட்டங்கள் கொம்பனியிலேயே ஏன் சரியாய் இருப்பதில்லை? புகைச் சட்டம். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் முழுதாய் எரிகிற கணக்கு, புகையைச் சுத்தமாக்குகிற கட்டலிற்றிக் கொன்வேற்றரும் அந்தக் கணக்கில்தான் நன்றாய் வேலை செய்யும். வலுவுக்கு 13க்குக் கிட்டப் பெற்றோலைக் கூட்ட வேண்டும். பரிசோதனை செய்கிற மெதுவான வேகங்களில் கொம்பனி பெற்றோலைக் குறைத்து வைக்கும், அங்கே எஞ்சின் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் முட்டாள்தனம் இல்லை, எங்கட நுரையீரலுக்காகக் கொடுத்த விலை.

2006இல் யமஹா ஆர்6இல் கேபிளுக்கும் கதவுக்கும் நடுவில் மோட்டர் ஒன்றை வைத்தபிறகு மூன்றாவது அட்டவணை ஒன்றும் பிறந்தது. கை 20 சதவீதம் முறுக்கினால் கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்ற அட்டவணை. கை கேட்கிறது, கொம்பியூட்டர் யோசித்துக் கொடுக்கிறது. 2007இல் சுசுக்கி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000இல் ஏ, பி, சி எண்டு மூன்று மேப்பைக் கைப்பிடிப் பொத்தானுக்குக் கொண்டுவந்தது. இதில் பி தான் சுவாரசியம்: பாதி முறுக்கு வரைக்கும் அடங்கி இருக்கும், முழுதாய் முறுக்கினால் முழு வலு.

இது தமிழ்நாட்டில் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க ஒசூருக்குப் போக வேண்டும். 1982 முதல் பந்தயக் குழு வைத்திருக்கிற டிவிஎஸ், 2013இல் பிஎம்டபிள்யூவோடு ஒப்பந்தம் போட்டது. ஆம், அந்த நெம்புகோல் பெட்டிக் கொம்பனிதான். அதில் வந்த 312 சீசீ எஞ்சினில் 2017 கடைசியில் அப்பாச்சி ஆர்ஆர் 310 வெளிவந்தது. 2020இல் அதற்கு ரைட் பை வயரும் நாலு மோட்டும் வந்தன: மழை, நகரம், ஸ்போர்ட், ட்ராக். கடைசி இரண்டிலும் 34 குதிரைவலு, முதல் இரண்டிலும் 25.8. இரும்பில் ஒரு மாற்றமும் இல்லை. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வலு ஓர் அட்டவணையில் பிறந்து இன்னோர் அட்டவணையில் மறைகிறது. ஸ்போர்ட்டும் ட்ராக்கும் உச்ச எண்ணில் ஒன்றுதான், வித்தியாசம் கை முறுக்குக்குப் பதில் எவ்வளவு கூர்மையாய் வருகிறது, பிரேக்கில் ஏபிஎஸ் எவ்வளவு தலையிடுகிறது என்பதில். 2022 முதல் இதே பைக்கை வைத்து ஆசியப் போட்டிகளோடு சேர்த்து ஒரே மொடல் பந்தயம் ஒன்றும் நடத்தத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே பைக் என்றால் மிஞ்சுவது மணிக்கட்டுத்தான்.

உச்சியிலும் இதே யோசனை வந்தது. கொம்பனிகள் தங்கள் தங்கள் மென்பொருளில் கொட்டின காசைப் பார்த்து, 2016இல் மோட்டோஜிபி எல்லாரும் ஒரே ஈசியூ, ஒரே மென்பொருள் எண்டு சொன்னது. மக்னெட்டி மரெல்லியின் பெட்டி. அந்த வருடம் ஒன்பது வெவ்வேறு வீரர்கள் பந்தயம் வென்றார்கள். ஒரே மென்பொருளின் வெற்றி எண்டு இதைச் சிலர் எழுதினார்கள். அதே வருடம் ரயர்களும் மிஷ்லினுக்கு மாறின, மழைப் பந்தயங்களும் இருந்தன. எது எவ்வளவு செய்தது எண்டு பிரிக்க முடியாது. மேப்பைப் பற்றிக் கேள்விப்படுகிற எந்தப் பெருமைக்கும் இந்தக் கேள்வியை நீங்கள் போடலாம்: கூடவே வேறு என்ன மாற்றினார்கள்?

இனி எங்கட றோட்டு. இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. இந்தியா 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அதோடு அங்கே காபரேற்றர் கிட்டத்தட்டச் செத்தது. ஒரு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கட கராஜ்களுக்கு நடந்தது விளங்கும். பக்கத்து நாடு இன்ஜெக்சனுக்கு மாறிப் பழகின ஐந்து வருடமும் நாங்கள் பழைய பைக்குகளைத் தைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோல் வாங்கின நாள்களில் நீடில் கிளிப்பை மேலே ஏற்றி மிச்சம் பிடிக்கத் தெரிந்த அண்ணாமார் ராசாக்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தபோது புதுப் பைக்குகள் ஈசியூவோடு ஒரேயடியாய் வந்து இறங்குகின்றன. அதே அண்ணாமாருக்கு இப்போது வேண்டியது ஸ்க்ரூ ட்ரைவர் இல்லை, ஒரு கேபிளும் அந்தக் கொம்பனி திறந்துவிடுகிற மென்பொருளும். மேப்பைப் படிக்கவே பூட்டு. திருத்த இன்னொரு பூட்டு. கொம்பனி தரப்பு சொல்கிற காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: புகைச் சட்டம், உத்தரவாதம், பாதுகாப்பு. ஆனால் பிழை எங்கே எண்டு பார்ப்பதற்குக்கூட ஊர்க் கராஜுக்கு வழியில்லாமல் போனால், முப்பது வருடம் காதால் சேர்த்த அறிவு சந்தையில் பெறுமதி இழந்துவிடும். எங்களுக்கு இதில் கோபம் இருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் இணையத்தில் வாங்கிப் பொருத்துகிற பெட்டி வியாபாரம் வளர்கிறது. இன்ஜெக்டர் வயரின் நடுவில் ஒரு பெட்டி, "பத்து வீதம் பிக்கப் கூடும்" எண்டு வாக்குறுதி. இவற்றில் பல செய்வது எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மாதிரிப் பெற்றோலைக் கூட்டுவதுதான். குறைந்திருந்த இடத்தில் அது உதவும், சரியாய் இருந்த இடத்தில் பிளக்கைக் கரியாக்கும். சைலன்சரை வெட்டினவனுக்குச் சத்தம் கூடினதால் வலு கூடின மாதிரித் தோன்றும், இது வேறு வியாதி. பொறியை முன்தள்ளுகிற மேப்பை எங்கேயோ 98 ஒக்டேன் நாட்டில் எழுதியிருந்தால், இங்கே 92 ஊற்றி ஓடும்போது பிஸ்டன் தட்டத் தொடங்கும். குறைந்தது 95 ஊற்ற வேண்டும், அதற்கும் முன்னால் அந்தப் பைக்கில் எரிந்த புகையை அளந்து பார்க்கிற ஒரு கருவி வேண்டும். அளக்காமல் திருத்துவது கண்ணை மூடிக்கொண்டு கறிக்கு உப்புப் போடுகிற வேலை.

நிலாவெளி றோட்டில் பின்னேரம் பறக்கிற தம்பிமாருக்கு ஒரு விசயம். ட்ராக் மேப் எழுதப்பட்டது வெளியே ஓடிப்போக மணலும் புல்லும் இருக்கிற, எதிரே யாரும் வராத, ரயரைச் சூடாக்கி விட்டு ஓடுகிற இடத்துக்கு. எங்கட ஊரில் கோட்டைப் பக்கத்து மான் றோட்டைக் கடக்கும், மாடு நடுவில் படுத்திருக்கும், கடற்கரை மணல் தாரில் ஏறி நிற்கும். முதல் தொடுகை கூர்மையான மேப்பில் மணல் மேல் அக்சிலேற்றர் திறந்தால் என்ன நடக்கும் எண்டு மேலே எழுதின வளைவுப் பந்தியைத் திரும்ப வாசித்தால் விளங்கும். பொத்தானில் மழை மோட் இருந்தால் வெயிலிலும் அதைப் போட்டு ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். வலு குறைந்ததா, இல்லை வலு வருகிற விதம் மாறினதா எண்டு கை பிரித்துச் சொல்லத் தொடங்கும். ட்யூனர்கள் எல்லாரும் முதலில் படிக்கிற பாடம் இதுதான், இதற்கு ஒரு கேபிளும் தேவையில்லை.